சுவரைப் பார்த்துச் சொன்ன கதை

என்னுடைய தொழிலை எங்கள் சமூகத்தவர் எவரும் ஒரு தொழிலாகக் கருதியதில்லை. நகரின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில் என் வீட்டுக்கு அண்மையில் உள்ள பிளாசாவில், காலை வேளைகளில் கோப்பிக் கடையில் கூடும் ஓய்வுபெற்றவர்கள் என்னைப் 'புரொபெசர்' என்று மரியாதையாகவே அழைப்பர். அந்த மரியாதை நான் கதிரையில் அமரும்வரைதான் நீடிக்கும். அமர்ந்ததும், கொழும்பில் வங்கி முகாமையாளராக இருந்தவர் தொடங்குவார்.

"புரொபெசர், எங்கட சனம் அங்கை அழிஞ்சுகொண்டிருக்கேக்கை, நீங்கள் இஞ்சை காட்டுக்குள்ளை மீன் பிடிக்கிறவனிட்டைக் கதை கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள். சரிதானே?"

"சரிதான்."

"அப்ப அவங்களெண்டாலும் தப்பினவங்களோ?"

மேசை சிரிக்கும். நான் கோப்பியைக் குடிப்பேன். அந்தக் கேள்விக்கு ஒரு முழு விரிவுரையளவு பதில் என்னிடம் இருந்தது. கோப்பிக் கடை மேசைக்கு அது உரியதன்று என்பதால் சொன்னதில்லை. அவர் கேலியாகக் கேட்டதுதான் நான் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்பதையும் அவருக்குச் சொன்னதில்லை.

நான் மானிடவியல் கற்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து இந்நகருக்கு வந்தபோது இங்கு தமிழ்க் கடை ஒன்றேனும் இருக்கவில்லை. அகதிகளாக வந்தவர்கள் நகரின் மேற்குப் பகுதியான பார்க்டேலில் அறைகளைப் பகிர்ந்து குடியேறத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளின் பின்னர். என் பேராசிரியர் என்னை மாகாணத்தின் வடமேற்கில், ஒஜிப்வே மொழி பேசும் பூர்வகுடி மக்களின் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு அனுப்பினார். அம்மக்களின் உறவுமுறையை விளக்க அவர் கரும்பலகையில் வட்டங்களும் முக்கோணங்களுமாக வரைந்து தள்ளியிருந்தார். ஆங்கிலத்தில் தாயின் சகோதரி பிள்ளைக்கும் தந்தையின் சகோதரி பிள்ளைக்கும் ஒரே சொல்தான். ஆகவே அவருடைய மாணவர்கள் அந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தனர். எனக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. முன்னவர் சகோதரி, பின்னவர் மச்சாள். யாழ்ப்பாணத்தில் எப்படியோ அந்த ஏரிக்கரையிலும் அப்படியே. உறைந்த ஏரியின் மறுகரையில் என் அகராதி எனக்கு முன்னரே போய் உட்கார்ந்திருந்தது.

பொறி வைத்து விலங்கு பிடிக்கும் முதியவர் ஒருவரின் வீட்டில் தங்கி, அவர்கள் மொழியைக் கற்றேன். அவர் என்னை மகன் என்று அழைக்கத் தொடங்கினார். அது வெறும் அன்புச் சொல்லன்று, ஓர் இடம். அவர் என்னை மகனாக்கியதும் அவருடைய சகோதரி எனக்கு மாமியானார். பழைய முறைப்படி அங்கே மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பகையினால் அன்று, மரியாதையின் உச்சம் அது. ஊரிலேயே அதிகம் கதை அறிந்தவர் அந்த மாமிதான் என்பது என் துரதிர்ஷ்டம்.

கதை சொல்ல அவருக்கும் விருப்பம் இருந்தது. ஆகவே ஒரு வழி கண்டார். இறந்துபோன தம் தங்கையின் சிறு மகளை அவர் வளர்த்து வந்தார். அந்தப் பிள்ளையைக் கட்டிலில் தம் அருகே இருத்தி, எனக்கு முதுகு காட்டி, மரச்சுவரைப் பார்த்தபடி அந்தப் பிள்ளைக்குக் கதை சொன்னார். நான் கதவடியில் ஒலிப்பதிவுக் கருவியுடன் இருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே விறகடுப்பு எரிந்தது. ஒலிவாங்கியை அவர் அருகில் வைத்திருந்தால் பதிவு தெளிவாக இருந்திருக்கும், மரியாதை கெட்டிருக்கும். நான் அதனை என் காலடியில் வைத்தேன்.

இரண்டு நிபந்தனைகளை அவர் தம் சகோதரர் வாயிலாக எனக்கு அறிவித்தார். தரையில் பனி கிடக்கும்போது மட்டுமே அக்கதைகளைச் சொல்லலாம், கேட்கலாம். கோடையில் கதையில் வருவோர் விழித்திருப்பர். தம்மைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். பேசியவரின் படுக்கைக்குள் தேரைகள் ஏறிவரும். இரண்டாவது, கதைகளைக் காகிதத்தில் ஏற்றக் கூடாது.

இரண்டையும் காத்தேன். இதனைச் சொல்லும்போது எனக்குத் தயக்கமில்லை. என் துறையில் பிறர் தாம் கேட்டதையெல்லாம் அச்சேற்றிப் பதவி உயர்ந்தனர். நான் உறவுமுறை பற்றி மட்டும் எழுதினேன். என் பதவி உயர்வு பின்தங்கியது. என் பெயர் பின்தங்கவில்லை. ஒலிநாடாக்களைப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் வைத்து, நிபந்தனைகளையும் சேர்த்து வைத்தேன். பின்வந்த சில குளிர்காலங்களில், பனி கிடக்கும் நாள்களில் மட்டும், காப்பகத்துக்குச் சென்று கேட்டேன். அந்த மாமியின் வாயில் பற்கள் இல்லை. அடுப்பு ஒருபுறம் வெடிக்கும், குரல் சுவரில் பட்டுத் திரும்பும். அந்த அறையில் இருந்தவனுக்கு அன்றி வேறு எவருக்கும் அது பேச்சாகத் தோன்றாது.

கதையின் நடுவே அவர் அடிக்கடி நிறுத்தி, அந்தப் பிள்ளையோடு ஏதோ பேசுவார். பிள்ளை சிரிக்கும். பின் கதை தொடரும். எங்கள் துறையில் அக்காலத்தில் இதற்குக் 'குறுக்கீடு' என்று பெயர். கதையைக் கேட்பவன் அதைத் தாண்டிப் போவான். நானும் தாண்டிப் போனேன். கதைகளின் எலும்புக்கூடு என் நினைவில் இன்றும் உண்டு. குறுக்கீடுகளில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

நான் நகருக்குத் திரும்பிய பின்னர், அம்மக்களின் பிள்ளைகளைத் தெற்கே வெள்ளையர் குடும்பங்களில் வளர்க்கவென்று அதிகாரிகள் கொண்டுபோன காலத்தில், அந்தப் பிள்ளையும் போயிற்று. மாமி அதை மீண்டும் காணாமலே இறந்தார். இவையெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது செய்வதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளை, சென்ற வசந்த காலத்தில், ஐம்பது வயதைக் கடந்த பெண்ணாக என் வாசலில் நின்றது. பார்க்டேலில் முதியோர் விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். காப்பகத்தார் என் இசைவுடன் ஒலிப்பதிவின் பிரதியை அவருக்குக் கொடுத்திருந்தனர். ரயிலும் பேருந்துமாக மாறி மாறி மில்லிக்கனுக்கு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் மாமியின் தங்கை மகள் எனக்கு மச்சாள். அந்த ஏரிக்கரையில் மச்சானும் மச்சாளும் ஒருவரையொருவர் கேலி செய்யாது பேசுவதே மரியாதைக்குறைவு. அவர் மொழியில் அவருக்கு எஞ்சியிருந்த ஒருசில சொற்களில் அந்த உறவுச் சொல்லும் ஒன்று. அவர் அதைச் சொல்லி என்னை அழைத்தபோது, பின்னர் பேசியதெல்லாம் என் மனத்தில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"வாசலை மறிச்சுக்கொண்டு குந்தியிருந்த ஒல்லிக் கறுவல் நீங்கள்தானே, மச்சான்? இப்ப வயிறும் வண்டி வைச்சிட்டுது. அறையிலை கொள்ளமாட்டியள்."

மனைவி இறந்த பின்னர் என்னோடு இவ்வளவு உரிமையாகப் பேசியவர் எவருமில்லை. உள்ளே வருமாறு சொன்னேன்.

தேநீருக்கு முன்னர் அவர் தம் பையிலிருந்து ஒரு சிறு துணிப்பொதியை எடுத்து மேசையில் என் பக்கமாக வைத்தார். புகையிலை. அறிவுள்ளவரிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது அம்மக்கள் முதலில் வைப்பது அது. எடுத்துக்கொண்டால் கேட்டதைச் செய்வதாகப் பொருள். இளைஞனாக நான் அதனைப் பிறர் முன் வைத்திருக்கிறேன். என் முன் எவரும் வைத்ததில்லை. எடுத்துக்கொண்டேன்.

"கதை எனக்கு வேண்டாம்," என்றார். "கதையள் புத்தகங்களிலை கிடக்கு. அவ இடைக்கிடை கதையை நிப்பாட்டிப்போட்டு என்னோடை கதைக்கிறா. என்ரை பேர் கேக்குது. நான் சிரிக்கிறன். என்னத்துக்குச் சிரிக்கிறன்? அவ என்ன சொல்லுறா? அதை மட்டும் சொல்லுங்கோ."

நகரில் அம்மொழி கற்பிக்கும் ஒருவரிடம், பனி கிடந்தபோதே, அவர் அதைக் கொண்டுபோயிருந்தார். வேறு பகுதியைச் சேர்ந்த அந்த ஆசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டாராம். ஊரில் மாமியின் குரலை அறிந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டனர். எஞ்சியிருந்தது கதவடியில் இருந்தவன் மட்டும்.

"பனி கரைந்துவிட்டது," என்றேன்.

"தெரியும். இண்டைக்குக் கேக்க வரேல்லை. கேப்பியளோ எண்டு கேக்க வந்தனான். ஸ்னோ விழ வாறன்."

அப்போது நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். காது வைத்தியர் என் செவித்திறனின் வரைபடத்தை எனக்குக் காட்டியிருந்தார். மலையிலிருந்து இறங்கும் பாதையைப்போல் அந்தக் கோடு வலப்புறமாகச் சரிந்தது. முதலில் மெய்யொலிகள் போகும். உயிரொலிகள் சிறிது காலம் நிற்கும். வேகத்தை எவராலும் சொல்ல முடியாது என்றார். இன்று அந்தப் பதிவை வைத்தால் எனக்குப் பெரும்பாலும் விளங்கும். குளிர்காலத்தில் விளங்குமென்று உறுதி கூற இயலாது. இவ்வாறான குறையை நான் பிறரிடம் வெளியிடுபவனல்லன். புகையிலையை ஏற்றுக்கொண்டுவிட்டதனால் சொன்னேன்.

அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"மொழி போயிட்டுது, மச்சான். பேரையும் மாத்திப்போட்டாங்கள். ஸ்னோ இல்லாமல் கேக்கக் கூடாது எண்டதை மட்டும் ஒருத்தரும் என்னட்டையிருந்து பறிக்கேல்லை. அதையும் நானே தூக்கிக் குடுக்கவோ?"

அந்த முறையை வாழ்நாள் முழுவதும் காத்தவன் நான், அதற்கு உரியவரிடம் அதை மீறும்படி எந்தத் தகுதியில் சொல்வது?

என் மகனுக்கு இது விளங்கவில்லை. அவன் அடுத்த நகரான பிக்கரிங்கில் இருக்கிறான். ஞாயிறுகளில் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பழுதானவற்றை எறிந்துவிட்டுப் போவான்.

"அப்பா, அது ஸ்டோரியும் இல்லை. சும்மா கதைச்சது. அதைக் கேக்கிறதுக்கு என்ன ஸ்னோ?"

"கதைக்குள்ளாலை போகாமல் அந்தப் பேச்சுக்குப் போகேலாது."

"பாஸ்ட் போர்வேர்ட் எண்டு ஒரு பட்டன் இருக்கு."

"எந்த இடத்திலை நிப்பாட்டிறது எண்டு கதையைக் கேக்காமல் எப்பிடித் தெரியும்? கோயில்லை புராணம் படிக்கிறதுக்கு ஒரு காலம் இருந்தது. நினைச்ச நேரம் படிக்கிறேல்லை. அது உனக்கு விளங்குமெண்டா இதுவும் விளங்கும்."

"எனக்கு ரெண்டும் விளங்கேல்லை." அவன் பால் பெட்டியை எறிந்தான். "அப்பா, காது ஸ்னோவுக்கு வெயிட் பண்ணாது."

கோடை முழுவதும் அவன் சொன்னது நிரூபணமாயிற்று. கோப்பிக் கடையில் மேசை சிரிக்கும்போது சற்றுப் பிந்தி நானும் முறுவலித்தேன். கேள்வி எதுவென்று தெரியாதபோது ஓம் என்றேன். "புரொபெசர் இப்ப நல்லாத் திருந்திட்டார், எல்லாத்துக்கும் ஓம் எண்டுறார்," என்று வங்கி முகாமையாளர் சொன்னதாகப் பின்னர் ஒருவர் என் காதருகே வந்து உரக்கச் சொன்னார். அதன் பிறகு அங்கே போவதை விட்டேன். புதிய காதுக் கருவி வாங்கித் தந்தான் மகன். அது உலகத்தைப் பெரிதாக்கிற்று, தெளிவாக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் எனக்கு மிக நன்றாகக் கேட்டது.

மச்சாள் சில சனிக்கிழமைகளில் வந்தார். பதிவைப் பற்றிப் பேசுவதில்லை. என் புத்தகங்களைப் பார்த்து, "இவ்வளவையும் எழுதினாப் பிறகும் நாங்கள் உயிரோடை இருக்கிறம், பாத்தியளோ," என்றார் ஒருமுறை. நான் என் மேற்சட்டைப் பொத்தானை மூடியபோது, "வீட்டுக்குள்ளையும் கோட் போட்டிருக்கிறியள், உங்களை ஆர் படமெடுக்கப் போயினம்?" என்றார். முதலில் இவை எனக்குக் கேட்டன. ஆவணி முடிவில், ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லும்படி கேட்க வேண்டியதாயிற்று. திருப்பிச் சொல்லப்பட்ட கேலி கேலியன்று. அது ஒரு செய்தி. அவரும் மெல்ல மெல்லச் செய்திகளையே சொல்லத் தொடங்கினார்: மழை பெய்கிறது, பேருந்து பிந்திவிட்டது, உங்கள் தேநீர் ஆறுகிறது. முறைப்படி எங்களுக்கு இருந்த உறவு அவ்வாறு முடிந்தது. அதனை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு பனி பிந்தியது. கார்த்திகையில் சிறிது தூவி, வீதியில் விழுமுன்னரே கரைந்தது. நான் காலையில் எழுந்ததும் யன்னல் திரையை விலக்கிப் புற்றரையைப் பார்ப்பேன். பழுப்பாக, ஈரமாக, வெறுமையாக அது கிடக்கும். மச்சாள் பார்க்டேலிலிருந்து தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்புவார்: 'இங்கும் புல் தெரிகிறது.' மார்கழியில், நத்தார்ப் பண்டிகையன்று, மழை பெய்தது. தன் வாழ்நாளில் இந்த நகரத்தின் பனியைச் சபிக்காத தமிழன் இல்லை. நான் ஒருவன் அதை வேண்டிக்கொண்டிருந்தேன்.

தையில் ஒரு நாள் காலை பனி வந்து தரையில் தங்கிற்று. நண்பகலுக்குள் மச்சாள் வந்துவிட்டார், சப்பாத்தில் பனியோடு. யன்னலடிக்குப் போய், அயலவர் இயந்திரத்தால் தம் வாகனப் பாதையைத் துப்புரவாக்குவதைப் பார்த்தார். பின்னர் என் பக்கம் திரும்பி, வாய் நன்றாகத் தெரியும்படி, "பின்வளவைப் பாப்பம்," என்றார். பின்வளவில் வேலிவரை வெள்ளையாகக் கிடந்தது. ஓர் அணிலின் தடமும் இல்லை. தலையசைத்தார்.

மேசையில் மடிகணினியை வைத்து, என் காதுகளில் ஒலிகேட்பியைப் பொருத்திவிட்டு, தமக்கும் ஒன்றை இணைத்துக்கொண்டார். நான் கண்களை மூடினேன்.

அடுப்பின் ஓசை கேட்டது. அதன் இரும்புக் கதவை யாரோ மூடும் ஓசை நெஞ்சில் இடித்தாற்போல் வந்தது. மூடியவன் நான்தான். அதன் பின் ஒரு முனகல் எழுந்து தாழ்ந்தது. ஒருவர் பேசுகிறார் என்பது தெரிந்தது. கதை சொல்லும் குரலின் நடை தெரிந்தது. ஓரிடத்தில் நடை மாறிற்று. குரல் தணிந்து, பக்கத்தில் சாய்ந்தது. கண்களைத் திறந்தேன். மச்சாள் விரலை உயர்த்தியிருந்தார். அவருடைய பெயர் வந்த இடம். சற்று நேரத்தில் மறுபடி உயர்த்தினார். அவர் சிரித்த இடம். எனக்குச் சிரிப்பும் கேட்கவில்லை.

மீண்டும் வைத்தார். ஒலியைக் கூட்டினார். முனகல் பெரிய முனகலாயிற்று. சொற்களின் விளிம்புகள் எல்லாம் தேய்ந்து, ஆற்றுக் கல்லைப்போல் உருண்டு போயின. மீண்டும் வைத்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ஒலிகேட்பியைச் சற்று விலக்கி, "என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

"தெரியேல்லை."

அடுத்த குறுக்கீடு வரும்வரை பதிவை ஓடவிட்டார். அதற்கடுத்தது வரும்வரையும். ஒவ்வொன்றிலும் விரல் உயர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அதே விடைதான் இருந்தது.

"அப்பிடியெண்டா இட்டுக்கட்டி ஏதாவது சொல்லுங்கோ, மச்சான். புத்தகம் எழுதுற உங்கட ஆக்கள் செய்யிறதுதானே."

நீண்ட நாள்களின் பின் வந்த கேலி என்று எண்ணி நான் முறுவலிக்க இருந்தேன். அவருடைய வாயைப் பார்த்தேன். அது கேலியாக இருக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு பெரியம்மா மடியருகே இருக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வார்? நித்திரை கொள்ளாதே என்பார். காலை அடுப்படியில் நீட்டு என்பார். அந்தக் கதவடியில் இருப்பவனைப் பார், உறைந்த மீன்போல் இருக்கிறான் என்பார், பிள்ளை சிரித்திருக்கும். உண்மையிலும் அதுவாகவே இருந்திருக்கலாம். சரிபார்க்க உலகில் ஒருவரும் இல்லை. அவர் அதைக் கொண்டுபோய்த் தம் எஞ்சிய நாள்களுக்கு வைத்திருப்பார்.

வைத்திருப்பார் என்பதனாலேயே சொல்லவில்லை. அவர் ஒன்றைக் காத்தார். நானும் ஒன்றைக் காத்தேன். கேளாததைக் கேட்டதாக நான் ஒருபோதும் எழுதியதில்லை, சொன்னதில்லை. என் பெயர் என்பது அதுதான். அன்று அந்த மேசையில் அது எவருக்கும் ஒரு பயனும் தரவில்லை. அதை நான் அறிவேன்.

"தெரியேல்லை," என்றேன்.

எழுந்து போய், அலுமாரியிலிருந்து துணிப்பொதியை எடுத்துவந்து அவர் முன் வைத்தேன். கேட்டதைச் செய்ய இயலாதவன் அதை வைத்திருக்கலாகாது. அவர் அதை என் பக்கமாகத் தள்ளிவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். தள்ளவில்லை. பையில் போட்டுக்கொண்டார்.

பின்னர் மடிகணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, பதிவு முடியும்வரை தனியே கேட்டார். கதையை நடுவில் விடக் கூடாது என்பதும் முறை. மொழி விளங்காத ஒருவர் கேட்க, ஒன்றும் கேளாத ஒருவனாக எதிரே இருந்தேன். வெளியே மீண்டும் பனி விழத் தொடங்கியிருந்தது. அது அவ்வாண்டு வெகுநாள் கிடந்தது. எதற்கும் உதவாமல் கிடந்தது.

புறப்படும்போது அவர் வாசலடியில் குனிந்து, எனக்கு முதுகு காட்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தை மாட்டினார். அப்போது ஏதோ சொன்னார். அவருடைய தோள்கள் அசைந்ததிலிருந்து அது எனக்குத் தெரிந்தது. நீளமாகவே சொன்னார். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஓம்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார்.